ஆறு வருடமாக ஃபெர்மி தரவோடு: கிளிட்சில் காமா தேடிய அனுபவம்

நாசாவின் ஃபெர்மி காமா கதிர் விண்வெளித் தொலைநோக்கியின் தரவையும், அதை அலசும் ஃபெர்மிடூல்ஸ் மென்பொருளையும் ஆறு வருடமாகப் பயன்படுத்துகிறேன். பகலில் பெங்களூரில் ஐடி வேலை, இரவில் அல்சூர் மாடி அறையில் இது. இரண்டும் இலவசம். விண்டோஸில் நேராக ஓடாது, லினக்ஸோ மேக்கோ வேண்டும். 2008 ஜூனில் மேலே போன தொலைநோக்கி மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை வானம் முழுவதையும் துழாவிவிடும். அதனால் கிளிட்ச் நடந்து மாதங்கள் ஆனாலும் பழைய தரவைத் தோண்டலாம். இதற்காகவே இதை விடாமல் இருக்கிறேன்.

பல்சர் என்பது சுழலும்போது கலங்கரை விளக்கம் போலத் துடிப்பு துடிப்பாகக் கதிர் வீசும் நட்சத்திர எச்சம். வேகம் குறைந்துகொண்டே வரும் பல்சர் திடீரென ஒரு துளி வேகமெடுப்பதுதான் கிளிட்ச். வேலா பல்சர் நொடிக்குப் பதினொரு முறை சுழல்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று அதன் சுழற்சி நேரம் சுமார் 0.13 மைக்ரோநொடி குறைந்தது, அவ்வளவுதான். டாஸ்மேனியாவில் ஒரு ரேடியோ தொலைநோக்கி அதை நடக்கும்போதே பிடித்தது. அப்போது ஒரு துடிப்பையே காணோம்!

காமாவிலும் அது காணாமல் போனதா? இங்கேதான் ஃபெர்மி கைவிரிக்கிறது. நிலையான காமா மூலங்களில் வேலாதான் மிகப் பிரகாசம். அதிலிருந்தே பல நூறு சுற்றுக்கு ஒரு போட்டான்தான், அதாவது ஒரே ஒரு ஒளித்துகள்தான் வந்து சேரும். ஒற்றைத் துடிப்பைப் பற்றி இதை வைத்து என்ன சொல்வது?

ஒரு முறை இன்னொரு பல்சரில், கிளிட்ச் நாளன்று போட்டான் எண்ணிக்கை எகிறியது. இதே வேலை பார்க்கும் நண்பனை நள்ளிரவில் எழுப்பினேன். "ஜெனித் கோணம் என்ன போட்டே மச்சான்?" என்றான். தலைக்கு நேர் மேலிருந்து எவ்வளவு சரிவு வரை வரும் போட்டான்களை எடுப்பது என்ற வரம்பு அது. 180 என்றே, அதாவது பூமியின் பக்கத்தையும் சேர்த்தே விட்டிருந்தேன். 90 கொடுத்து மறுபடி ஓட்டினேன். வரைபடத்தில் கொம்பு மாதிரி நின்ற பட்டை மற்றவற்றோடு படுத்துக்கொண்டது. காஸ்மிக் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதுவதால் பூமியின் விளிம்பே காமாவில் ஒளிரும்; நான் பிடித்தது அதைத்தான். மென்பொருள் ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை. இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மெதுவான மாற்றம் என்றால் கதையே வேறு. ஜே2021+4026 பல்சரின் காமா ஒளி 2011 அக்டோபரில் ஒரே வாரத்துக்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. சுழற்சி தளரும் வேகமும் கூடியது. மாதவாரியாகப் பிரித்துப் போட்டபோது, அந்த இறக்கம் என் லேப்டாப்பிலேயே அப்பட்டமாகத் தெரிந்தது. புதிதாக வருபவர்கள் வேலாவை விட்டுவிட்டு இதில் தொடங்கலாம்.

அப்புறம் ஒன்று: ஃபெர்மியின் நேரம் 2001 ஜனவரி 1 முதல் எண்ணும் நொடிகள், யுடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கில். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்துவிட்டுப் போடுங்கள். அதிலும் ஒரு வாரம் தொலைத்திருக்கிறேன்.