பிளவுபட்ட தண்டுவடம்: உடனே அறுவையா, காத்திருப்பதா?

பிறவியிலேயே தண்டுவடம் நீளவாக்கில் இரண்டாகப் பிரிந்திருப்பது அரிய குறை. 1992-இல் பாங் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர் இதை இரண்டு வகையாகப் பிரித்தார். முதல் வகையில் இரு பாதிக்கும் தனித்தனி டியூரா (தண்டுவடத்தைச் சுற்றியுள்ள தடித்த சவ்வு) உறை, நடுவே எலும்பு முள். இரண்டாவதில் ஒரே உறை, நடுவே நார்த்திசு.

முதல் வகை, வளரும் குழந்தை என்றால் சீக்கிரம் அறுவை செய்வதே மேல் என்பது என் கருத்து. முதுகெலும்பு நீள நீள, தண்டுவடம் முள்ளில் சிக்கி இழுபடும். அறுவையைத் தாமதமாகச் செய்தாலும் வலி குறையலாம். ஆனால் கெட்டுப்போன சிறுநீர்க் கட்டுப்பாடு முழுதாகத் திரும்புவது கடினம். முள்ளை எடுத்த பிறகே, தண்டுவடத்தின் கீழ்நுனியைக் கீழே பிடித்து வைத்திருக்கும் இறுகிய ஃபைலம் இழையை வெட்டுவார்கள். வரிசை மாறினால், விடுபட்ட தண்டுவடம் மேலேறி முள்ளிலேயே மோதும்!

சரி, காத்திருப்பது யாருக்கு? தற்செயலாக எம்.ஆர்.ஐ.யில் இரண்டாம் வகை தெரியவந்த, எந்தத் தொந்தரவும் இல்லாத பெரியவருக்கு. தண்டுவட நீர்க் கசிவு, தொற்று, புதிய கால் பலவீனம் போன்ற அறுவை ஆபத்துகள் அவருக்குத் தேவையற்றவை. ஆனால் காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதல்ல: கால் வலிமை, நடை, சிறுநீர்ப்பை மூன்றையும் தவறாமல் சோதிக்க வேண்டும். ஏதாவது ஒன்று சரியத் தொடங்கினால் அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது.