13 அடிக் கம்பும் முக்கால் கணக்கும்

சென்ற ஆண்டு அக்டோபரில் இணையக் கடை ஒன்றில் 5,450 ரூபாய் கொடுத்து ஒரு தூண்டில் தொகுப்பு வாங்கினேன். கரையில் நின்றபடியே கடலுக்குள் வீசுவதற்கென்று செய்த 13 அடிக் கம்பு, நூலைச் சுற்றும் 8000 எண் அளவு ரீல், அதில் சுற்றிய 200 மீட்டர் பின்னல் நூல், மணலில் நட ஓர் அலுமினியக் குச்சி, சிறிய டப்பா ஒன்றில் தூண்டில் முள்ளும், அதை எடையோடு வீச ஈயமும். கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே கம்பை வேறு மூன்று பெயர்களிலும் பார்த்துவிட்டேன். ஸ்டிக்கர் மட்டும்தான் மாறுகிறது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். தூண்டிலில் கைதேர்ந்தவன் எழுதியது என்று நம்பி யாரும் பணத்தை இறக்கிவிடக் கூடாது. ஊர் சங்கரன்கோவில் பக்கம். கடல் என்றால் எங்களுக்குத் திருச்செந்தூர் போகும்போது குளித்துவிட்டு வரும் இடம், அவ்வளவுதான். மும்பைக்கு வந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். மருத்துவர் நடக்கச் சொன்னார். வெறுமனே நடக்க எனக்குப் பொறுமை இல்லை. அதனால் தூண்டில்.

கம்பு மூன்று துண்டுகளாக வருகிறது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய நாலரை அடி. வாங்கும்போது இதை நான் யோசிக்கவில்லை. மாஹிம் ஸ்டேஷனில்தான் யோசித்தேன். மும்பை லோக்கல் ரயிலில் நாலரை அடி உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறுகிறவனை மற்றவர்கள் பார்க்கும் பார்வை தனி. இரண்டாவது வாரமே சாமான் பெட்டிக்கு மாறிவிட்டேன். அங்கே கூடைகளோடு உட்கார்ந்திருக்கும், மும்பையின் பூர்வீக மீனவர்களான கோலி இனத்து மீன்காரப் பெண்கள் என் உறையைப் பார்த்துச் சிரித்தார்கள். "அண்ணா, எந்தக் கோயிலுக்குக் கொடிக்கம்பம்?" என்று ஒருவர் கேட்டார். மீன் பிடிக்கப் போகிறேன் என்றதும் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். "திரும்பி வரும்போது எங்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டில் திட்டு விழாது" என்றார் அந்த மௌசி (மராத்தியில் சித்தி). முதல் இரண்டு மாதங்கள் அப்படித்தான் நடந்தது.

வீட்டுக்கு அருகில் இருப்பது மாஹிம், தாதர் கடற்கரைகள். அங்கே இந்தக் கம்பை விரிக்காதீர்கள். மிட்டி ஆறு ஊரின் கழிவையெல்லாம் சுமந்துகொண்டு மாஹிம் வளைகுடாவில்தான் சேர்கிறது. இரண்டு ஞாயிறுகளில் எனக்குக் கிடைத்தவை பால் பாக்கெட்டுகள், ஒரு சேலைக் கிழிசல், சாமந்தி மாலை ஒன்று. மாலை முள்ளில் மாட்டி வந்தபோது கம்பின் நுனி துள்ளிய துள்ளலில் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். அதன் பிறகு மலாடு வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்து அக்சா கடற்கரைக்குப் போகிறேன். இதில் சொல்வதெல்லாம் அக்சாவில் கற்றது.

கம்பைப் பற்றி நல்லதாகவே சொல்லலாம். பெட்டியில் 'கார்பன்' என்று போட்டிருக்கிறார்கள். எடையைப் பார்த்தால் பாதிக்கு மேல் கண்ணாடி இழைதான் என்று தோன்றுகிறது, ஆனாலும் முறியவில்லை. 113 கிராம் ஈயத்தை முழுப் பலத்தோடு வீசினாலும் வளைந்து நிமிர்கிறது. இரண்டு குறைகள். ஒன்று, நடு இணைப்பில் மணல் ஏறினால் துண்டுகள் கழலவே கழலாது. ஒரு நாள் முழு 13 அடியோடு கடற்கரைச் சாலையில் ஆட்டோவை நிறுத்த முயன்றேன், யாரும் நிற்கவில்லை. இப்போது பட்டறையில் தோல் தைக்கும் நூலுக்குப் போடும் மெழுகை இணைப்பில் லேசாகத் தேய்த்துவிட்டுப் பூட்டுகிறேன், கழல்கிறது. மெழுகுவத்தியும் போதும். இரண்டு, நுனி வளையத்துக்குள் இருந்த பீங்கான் வட்டம் நான்காவது மாதம் உதிர்ந்துவிட்டது. அது இல்லாமல் நூலை ஓடவிட்டால் உலோக விளிம்பு நூலை அறுத்துவிடும். க்ராஃபர்ட் மார்க்கெட் பக்கம் ஒரு சிறு கடையில் புது நுனி வளையம் 60 ரூபாய்க்குக் கிடைத்தது. சூடாக்கிய பசையில் ஒட்டிக்கொண்டேன்.

ரீல்தான் வயிற்றெரிச்சல்.

பெட்டியில் 14 பேரிங் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஆறாவது பயணத்திலேயே கைப்பிடியைச் சுற்றும்போது பழைய மாவுமில் போல நறநறவென்றது. நூலை வழிநடத்தும் உருளை உப்பில் இறுகிச் சுற்றாமல் நின்றது. சுற்றாத உருளைமீது நூல் உரசி உரசி முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித்தான் வைத்தேன். குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சக் கூடாது, அது உப்பை உள்ளே தள்ளிவிடும். மெல்ல நனைத்து, துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். அப்படியே செய்தேன். குறை என் கழுவலில் இல்லை.

இதைவிட மோசமானது நூலைப் பிடிக்கும் வளைகம்பி. அதன் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. நூலை விடுவதற்காக வளைகம்பியைத் திறந்து வைத்து, முழு வேகத்தில் வீசுகிறோம். பாதி வீச்சில் அது தானாகக் கவிழ்ந்து ஓடும் நூலைக் கவ்விக்கொள்கிறது. ஈயமோ பறந்துகொண்டிருக்கிறது. நூல் 'பட்' என்று அறுந்து, நூறு கிராமுக்கு மேற்பட்ட ஈயம் யாருக்கும் சொந்தமில்லாமல் விசிலடித்துக்கொண்டு போகிறது. அன்று எனக்கு முன்னால் கடலைத் தவிர யாரும் இல்லை. பக்கத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால் என்று நினைத்தபோது கை நடுங்கிவிட்டது. அன்று மறுபடி வீசவில்லை.

கம்பெனிக்கு எழுதினேன். படம் கேட்டார்கள், பிறகு காணொளி கேட்டார்கள், மூன்று வாரம் கழித்துப் புது ரீல் அனுப்பினார்கள். அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தப் புது ரீலும் மார்ச் மாதம் நறநறக்கத் தொடங்கிவிட்டது. தொகுப்பில் வரும் நூலையும் நம்பாதீர்கள். பின்னல் நூல் துளிகூட நீளாது. வீச்சின் முழு அதிர்ச்சியையும் அதுவே தாங்க வேண்டும். அதனால் முன்பகுதியில் சில மீட்டர் தடித்த தங்கூசி (நைலான்) நரம்பைச் சேர்த்துக் கட்டுவது அவசியம். ஓர் அவுன்ஸ் ஈயத்துக்கு 10 பவுண்டு வலு என்பது கடற்கரைத் தூண்டில்காரர்களின் பழைய கணக்கு. 113 கிராம் என்பது 4 அவுன்ஸ். ஆகவே 40 பவுண்டு நரம்பு. தொகுப்போடு வந்த குறிப்புத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அலுமினியக் குச்சி ஒன்றரை அடிதான். ஓர் அலை வந்தால் கம்போடு சாய்ந்துவிடும். 90 அடிச் சாலையில் குழாய் விற்கும் கடையில் மூன்றடி பிவிசி குழாய் வாங்கி ஒரு முனையைச் சாய்வாக அறுத்துக்கொண்டேன். அசையவே இல்லை.

இவ்வளவும் பொருளின் குறை. இனி என் குறை.

நவம்பரில் ஒரு பௌர்ணமி ஞாயிறு. விடியற்காலை மீன் கடிக்கும் என்று காணொளிகளில் பார்த்துவிட்டு, ஆறு மணிக்கெல்லாம் அக்சாவில் போய் நின்றேன். கடலைக் காணவில்லை. ஈர மணல் நீண்டுகொண்டே போயிற்று, அலை எங்கோ தூரத்தில் கோடாகத் தெரிந்தது. திருச்செந்தூரில் நீர் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது. அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது புரியாது. மும்பையில் ஏற்றம் 4.5 மீட்டரைத் தாண்டும் நாள்கள் உண்டு. மழைக்காலத்தில் அப்படிப்பட்ட நாள்களை மாநகராட்சியே முன்கூட்டி அறிவிக்கிறது.

பக்கத்தில் கோலிப் பெரியவர் ஒருவர் வெறும் கைத்தூண்டிலோடு நின்றார். கம்பு இல்லை. பலகைத் துண்டு ஒன்றில் சுற்றிய நரம்பு, ஒரு சிறு ஈயம், இரண்டு முள். "இன்று என்ன திதி?" என்று கேட்டார்.

"பௌர்ணமி, காகா."

"பதினைந்தில் முக்கால் எவ்வளவு?"

கணக்கு எழுதுகிறவனிடம் கேட்கிறார்! "பதினொன்றேகால்."

"அப்போது வாருங்கள்" என்று சொல்லிவிட்டுத் தம் நரம்பைச் சுற்றிக்கொண்டு நடந்துவிட்டார்.

கொங்கணக் கரை முழுவதும் மீனவர்கள் வைத்திருக்கும் கணக்கு இது. திதியின் எண்ணில் முக்கால் பங்கு எடுத்தால் ஏற்றம் உச்சிக்கு வரும் மணி. அஷ்டமி என்றால் எட்டில் முக்கால் ஆறு. காலையும் ஆறு, மாலையும் ஆறு. துவாதசி என்றால் ஒன்பது. சற்று முன்பின் இருக்கும், ஆனால் பொய்க்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நிறைய ஏறி நிறைய இறங்கும்; அதை உதாண் என்கிறார்கள். அஷ்டமியை ஒட்டிக் கொஞ்சமாக ஏறி இறங்குவது பாங். ஊரிலிருந்து மைத்துனர் அனுப்பும் சிவகாசி நாள்காட்டியை இத்தனை ஆண்டுகளாக ராகுகாலம் பார்க்க மட்டும் கிழித்துக்கொண்டிருந்தேன். இப்போது சனிக்கிழமை இரவே ஞாயிற்றுக்கிழமைத் தாளைத் தூக்கித் திதி பார்க்கிறேன். கைப்பேசியில் இதற்குச் செயலி இருக்கிறது என்கிறான் மகன். இருக்கட்டும்.

அதன் பிறகுதான் மீன் வந்தது. முதல் மீன் கெளிறு, அரைக் கிலோ இருக்கும். மகிழ்ச்சியில் தூண்டில் முள்ளைக் கழற்றப் போனவனின் கட்டைவிரலில் முதுகு முள்ளை ஏற்றிவிட்டது. முதுகில் ஒன்று, பக்கத் துடுப்புகளில் ஒவ்வொன்று, மூன்றும் வாள்போலப் பல் உள்ள நச்சு முட்கள். வலி முழங்கை வரை ஏறியது. டீக்கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு, கண்ணாடித் தம்ளரில் வெந்நீர் ஊற்றித் தந்தார். தாங்கும் சூட்டில் விரலை அரை மணி நேரம் வைத்திருந்தேன். நஞ்சு சூட்டில் வலுவிழந்துவிடும். அதற்கும் ஒரு டீக்கான காசுதான் வாங்கிக்கொண்டார். இந்தத் தொகுப்பில் மூக்கு நீண்ட குறடு ஒன்று வைத்திருந்தால், அந்த அலுமினியக் குச்சியையே மன்னித்திருப்பேன்.

ஜனவரியில்தான் அது நடந்தது. ஓர் அஷ்டமி, நீர் ஏறிக்கொண்டிருந்த நேரம். வீச்சு தவறி ஈயம் என் முன்னால் இருபது மீட்டர்கூடப் போகாமல் விழுந்தது. சலிப்போடு சுற்றத் தொடங்கினேன். நுனி இரண்டு முறை விடுவிடுவென்று தட்டியது. இழுத்தால் கிழங்கான். ஒரு சாண் நீளம், கூர் மூக்கு, வெள்ளியும் வெளிர் மஞ்சளும் கலந்த உடம்பு. மீண்டும் அதே இடத்தில் போட்டேன், இன்னொன்று. ஏறும் நீரோடு அலை உடையும் இடத்துக்கே வந்து, கலங்கும் மணலில் புழுவும் இறால் குஞ்சும் பொறுக்கித் தின்னும் மீன் அது. அத்தனை ஞாயிறுகளாக நான் அதன் தலைக்கு மேலே எண்பது மீட்டர் தூரம் வீசி, கெளிறையும் குப்பையையும் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பெரியவரின் பலகைத் துண்டு நரம்பு இருபது மீட்டருக்கு மேல் போகவே போகாது. அன்று ஒன்பது கிழங்கான். இரை தோலுரித்த சின்ன இறால், நழுவாமல் தையல் நூலால் ஒரு சுற்று. வீட்டில் மனைவி மிளகாயும் மஞ்சளும் தடவி அப்படியே முழுசாகப் பொரித்தாள். சாமான் பெட்டி மௌசியிடம் பையைத் திறந்து காட்டினேன். ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "முர்துஷி. நல்லது" என்று கிழங்கானை அவர்கள் பெயரில் சொல்லித் திருப்பி வைத்தார். அன்று அவர் சிரிக்கவில்லை.

ஆகவே வாங்கலாமா என்று கேட்டால், மும்பைக் கடற்கரையில் நின்று சமையலுக்கு மீன் பிடிக்க நினைப்பவருக்கு 13 அடிக் கம்பு தேவையில்லை. ஏழு அல்லது எட்டு அடிக் கம்பு, சிறிய ரீல், முப்பது கிராம் ஈயம் போதும். ரயிலிலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தூரம் வீசும் ஆசை தீராதவர்கள் கம்பைத் தனியாகவும் ரீலைத் தனியாகவும் வாங்குங்கள். மிச்சப்படுத்துவதாக இருந்தால் கம்பில் மிச்சப்படுத்துங்கள், ரீலில் வேண்டாம். ஈயம் கூம்பு வடிவில் இருக்கட்டும், உருண்டை ஈயத்தை நீரோட்டம் உருட்டிக்கொண்டு போய்விடும். அக்சாவில் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். அடியில் மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும், ஆண்டுதோறும் அங்கே உயிர் போகிறது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாள்களில் நான் போகாததற்குக் காரணம் சட்டம் அல்ல, அலை. போதாததற்கு, மழைக்காலத்தில் நீலக் குமிழி போலக் கரையொதுங்கும், சொறிமீனைப் போன்ற உயிரி ஒன்று மணலில் கிடந்தாலும் கொட்டும்.

இப்போது என்னிடம் ஏழடிக் கம்பு ஒன்று இருக்கிறது, 1,300 ரூபாய். பெரிய கம்பு பரணில் இருக்கிறது. விற்க மனம் வரவில்லை. வரும் ஞாயிறு சப்தமி. ஏழில் முக்கால் ஐந்தேகால். மாஹிமில் முதல் ரயிலைப் பிடித்தாலும் நான் போய்ச் சேரும்போது நீர் வடியத் தொடங்கியிருக்கும். அதற்கு அடுத்த ஞாயிறு சதுர்த்தசியாகக் காட்டுகிறது நாள்காட்டி, பத்தரை மணி. சாப்பிட்டுவிட்டே கிளம்பலாம்.