குக்கி எந்த கம்ப்யூட்டர்ல கெடக்கும்: ஆர்டிபி, எனிடெஸ்க், விபிஎன்

மழை பிடிச்சா தக்கலையில இருந்து நாகர்கோவிலுக்கு பஸ் ஏற யாருக்கு மனசு வரும், ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குற பிள்ளைங்க பாதிப்பேரு வீட்ல இருந்தே ஆபீஸ் மெஷின்ல ஜிஎஸ்டி போர்ட்டல தொறக்குறாங்க. பிரவுசர் எங்க ஓடுதோ குக்கியும் (நீங்க லாகின் பண்ணினத ஞாபகம் வச்சுக்க சைட் பிரவுசர்ல போட்டு வைக்குற சின்ன தகவல்) அங்கதான், நம்ம லேப்டாப்புக்கு வாறது வெறும் படம். ஆனா ஆபீஸ் மெஷின்ல யாரோட கணக்குல போய் விழுதுங்குறதுதான் விஷயமே.

ஆர்டிபில, அதாவது விண்டோஸோட சொந்த ரிமோட் டெஸ்க்டாப்ல, உங்களுக்குன்னு தனி யூசர் இருந்தா நிம்மதி. குரோம்னா உங்க ஆப்டேட்டா ஃபோல்டருக்குள்ள யூசர் டேட்டா, டீஃபால்ட், நெட்வொர்க்னு உள்ள போய்ட்டே இருந்தா குக்கீஸ்னு ஒரு ஃபைல் கெடக்கும், எக்ஸ்டென்ஷன் ஒண்ணும் இருக்காது. உள்ள இருக்குற வேல்யூவ உங்க விண்டோஸ் லாகினோட சேத்து பூட்டிதான் வச்சிருக்கும், பக்கத்து சீட்டுக்காரர் தன் யூசர்ல இருந்து சும்மா காப்பி அடிச்சு ஒண்ணும் பண்ண முடியாது (அட்மின் நெனச்சா அது வேற கதை).

எனிடெஸ்க்னு தூரத்து மெஷினோட ஸ்கிரீன காட்டுற இன்னொரு ஆப் இருக்குல்ல, அதுல அப்பிடி இல்ல. அங்க ஏற்கெனவே யாரு லாகின் பண்ணி வச்சிருக்காங்களோ அவங்க டெஸ்க்டாப்லதான் நாம போய் நிக்கோம், அவங்க குரோம், அவங்க புரொஃபைல். நீங்க மெயில தொறந்து அப்பிடியே விட்டுட்டு கட் பண்ணினா காலைல வாறவரு உங்க இன்பாக்ஸ பாத்துக்கிட்டே டீ குடிப்பாரு. பின்ன ஏன் எல்லாரும் இதையே பிடிச்சு தொங்குறாங்கன்னா, விண்டோஸ் ஹோம் எடிஷனுக்குள்ள ஆர்டிபில போக முடியாது, அதோட டிஎஸ்சி டோக்கன (டிஜிட்டல் கையெழுத்து இருக்குற யுஎஸ்பி) ஆபீஸ் சிபியுல குத்தி வச்சிருந்தா ஆர்டிபி செஷனுக்குள்ள அது தெரியாது, எனிடெஸ்க்ல தெரியும். கையெழுத்து போட மட்டும் அதுல போங்க, முடிஞ்சதும் சைட்லயே லாகவுட் குடுத்துட்டு வாங்க.

இன்காக்னிட்டோல (விண்டோவ மூடினா குக்கி அழிஞ்சுடுற மோடு) தொறந்தேன்னு சொல்லுவீங்க, சரிதான், ஆனா ஆர்டிபில மேல இருக்குற எக்ஸ அமுக்கினா கனெக்ஷன்தான் போவும், அங்க அந்த விண்டோ தொறந்தபடியே ஓடிட்டு கெடக்கும், குக்கியும் மெமரில அப்பிடியே. சைன் அவுட் குடுக்கணும்.

விபிஎன் (வீட்ல இருந்தே ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள சேக்குற வழி) போட்டு உங்க லேப்டாப் பிரவுசர்லயே தொறந்தா ஆபீஸ் மெஷின்ல ஒரு குக்கியும் விழாது. வெப்சைட் வேலை மட்டும்னா இது போதும், ஆர்டிபியே வேண்டாம். ஆனா அதே லேப்டாப்ல வீட்டு பிள்ளைங்க கேம் விளையாடுதுன்னா அதுங்களுக்கு முதல்ல ஒரு தனி யூசர் போட்டு குடுத்துடுங்க.