கைரேகையா சீன ராசியா, குணம் பார்க்க எது?

ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா ஆளோட குணம் தெரிஞ்சிடும்ங்கிறாங்க, ஆனா ரெண்டும் வேற வேற ரகம். சீன ராசிக்கு பொறந்த வருஷம் போதும், மொத்தம் 12 மிருகம், வருஷத்துக்கு ஒண்ணு. ஜனவரி, பிப்ரவரில பொறந்தவங்க மட்டும் உஷார், 1988 டிராகன் வருஷம் பிப்ரவரி 17லதான் ஆரம்பிச்சுது, அதனால அந்த ஜனவரி ஆளுங்க எல்லாம் முயல்தான். சிக்கல் என்னன்னா ஒரே கிளாஸ்ல படிச்ச பாதிப் பேருக்கு மேல ஒரே குணம்னு ஆயிடும், அது எப்படிங்க? ஆனா நம்பிக்கையோட பவர் சாதாரணமில்ல, 1966 நெருப்புக் குதிரை வருஷம் (60 வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற குதிரை வருஷம்), அதுல பொறக்குற பொண்ணு புருஷனுக்கு ஆகாதுன்னு ஜப்பான்ல குழந்தைப் பொறப்பே முந்தின வருஷத்தைவிட கால்வாசி கொறஞ்சுபோச்சு!

கைரேகை அப்படியில்ல, ஆளுக்கு ஆள் தனி. புத்தி ரேகை நேரா ஓடினா கணக்கு பார்க்குற ஆளு, கீழ சரிஞ்சு எறங்கினா கற்பனை ஜாஸ்தி, ஆயுள் ரேகையோட ஒட்டி ஆரம்பிச்சா ரொம்ப யோசிச்சு காலை வைக்கிறவங்கன்னு சொல்வாங்க. பார்க்குறவர் மாறினா பலனும் மாறும், அதான் தலைவலி.

அறிவியல் ஆதாரம்னு கேட்டா ரெண்டுக்கும் கிடையாது. டைம்பாஸுக்கு என் ஓட்டு கைரேகைக்குத்தான், ராசி ரெண்டு நிமிஷத்துல தீந்துடும்.