டெல்டாவின் தொழில் வண்டி: திறந்த பாடியா, கண்டெய்னரா, வேனா?

தொழிலுக்கு வண்டி வாங்குகிறவர்கள் முதலில் விலையையும் மைலேஜையும் விசாரிக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அன்றாடம் ஏற்றப்போகும் பொருள்களில் மிக நீளமானது எது? பம்பு மோட்டார் மெக்கானிக், பிளம்பர், எலக்ட்ரீஷியன், சோலார் பொருத்துபவர் என்று எல்லோருக்கும் பதில் வேறு வேறு. அதனால்தான் பக்கத்துக் கடைக்காரர் வைத்திருக்கும் வண்டியையே பார்த்து வாங்குவது டெல்டாவில் பலருக்கும் சரிப்படுவதில்லை.

பம்பு மோட்டார் வேலையிலிருந்து தொடங்குகிறேன். தஞ்சாவூரிலிருந்து வேதாரண்யம் வரை வண்டி அதிகம் தேவைப்படும் தொழில் அதுதான். ஆழ்துளைக் கிணற்றில் மோட்டாரோடு இறங்கித் தண்ணீரை மேலே கொண்டுவரும் காலம் பைப் ஒன்று 3 மீட்டர், அதாவது பத்தடிக்குச் சற்றுக் குறைவு. குட்டி யானை என்று நாம் அழைக்கும் டாடா ஏஸ், அதற்குப் போட்டியான மாருதி சூப்பர் கேரி இரண்டிலும் பின் பாடி ஏழடிதான். பைப்பைத் தரையில் கிடத்தினால் கிட்டத்தட்ட மூன்றடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சிவப்புத் துணி கட்டிவிட்டால் போதும் என்ற பழக்கம் இன்னும் இருக்கிறது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தத்தின்படி, அனுமதித்த அளவுக்கு மேல் சுமை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அபராதம் 20,000 ரூபாய். சுமையை இறக்கும் செலவும் நம் தலையில்தான். அபராதத்தை விடுங்கள். இருட்டிய பிறகு பட்டுக்கோட்டைச் சாலையில் பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரருக்கு அந்தக் குழாயின் முனை தெரியவே தெரியாது.

இந்த இரண்டு வண்டிகளின் மொத்த நீளமும் 3.8 மீட்டர். ஆகவே கேபினுக்குப் பின்னால் ஒன்றும் பின்கதவுக்கு அருகில் ஒன்றுமாக, ‘ப’ வடிவச் சட்டங்கள் இரண்டை நிறுத்தி, கேபின் கூரைக்கு மேலாகப் பைப்பைப் படுக்கவைத்தால் முன்னும் பின்னும் நீட்டாமல் அடங்கிவிடும். பி.வி.சி. காலம் பைப் மட்டும் கையாளுகிறவருக்கு இது நல்ல ஏற்பாடு. இரும்புக் குழாய் ஏற்றுகிறவருக்கு ஆகாது. இரண்டு அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 5 கிலோ. இருநூறு அடிக் கிணற்றுக்கு இருபது குழாய், முந்நூறு கிலோ. அவ்வளவு எடையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு ஒருபக்கம் சரிந்த வாய்க்கால் கரையில் வண்டியை ஓட்டக் கூடாது. இரும்பு வேலை அதிகம் என்றால் கடன் கொஞ்சம் கூடினாலும் பொலேரோ வகைப் பிக்கப் பக்கம் போய்விடுவதே மேல். பத்தடிப் பாடியுள்ள வகையும் அதில் கிடைக்கிறது.

இப்போது கண்டெய்னர் பாடி. பார்க்க நேர்த்தியாக இருக்கும், பக்கவாட்டில் கடைப் பெயரைப் பெரிதாக எழுதலாம், பூட்டலாம். செப்புக் கம்பியும் கேபிளும் விற்கும் விலையில் பூட்டு அவசியம்தான். ஆனாலும் மோட்டார் மெக்கானிக்குக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். முதல் காரணம் எடை. 1.2 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 9.4 கிலோ. ஏழடி நீளம், ஐந்தடி அகலம், ஐந்தடி உயரம் என்று பெட்டி கட்டினால் தகடு மட்டுமே 135 கிலோவுக்குப் பக்கம் வரும். ஆங்கிள் சட்டம் தனி. முக்கால் டன் இழுக்கும் வண்டியில் இது பெரிய பங்கு.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. கண்டெய்னருக்குப் பெரும்பாலும் பின்னால் மட்டும்தான் கதவு. நம் வயல்களுக்குப் போகும் வழியோ ஒரு வண்டி அகலமுள்ள கரை. ஒருபுறம் வாய்க்கால், மறுபுறம் நாற்றங்கால். வண்டியைத் திருப்ப இடம் கிடைக்காது. மோட்டார் கொட்டகை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத் தகட்டை இறக்கி, மோட்டாரைத் தூக்கும் முக்காலியையும் செயின் பிளாக் என்ற சங்கிலிக் கப்பியையும் அப்படியே நகர்த்த வேண்டும். மூன்று பக்கமும் திறக்கும் பாடிதான் அதற்கு இடம் கொடுக்கும். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் குறுவை நாற்றங்காலுக்கு மோட்டாரை நம்பியிருக்கும் விவசாயி, ஒரு நாள் தாமதத்தையும் தாங்கமாட்டார்.

2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, மின்சாரம் இல்லாத ஊர்களில் ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்த்தான் மேல்நிலைத் தொட்டிகளை நிரப்பினார்கள். அதற்குக் கைகொடுப்பதும் திறந்த பாடிதான்.

திறந்த பாடியின் குறை மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில், காயில் கட்டி வார்னிஷ் போட்ட மோட்டாரைத் தார்ப்பாய் மட்டும் காப்பாற்றாது. கேபினை ஒட்டி, பாடியின் முழு அகலத்துக்கும், இரண்டடி ஆழத்தில் பூட்டுள்ள பெட்டி ஒன்றைப் போல்ட் போட்டு நிறுத்துங்கள். மூடி பெட்டியின் விளிம்புக்கு வெளியே ஓர் அங்குலம் இறங்கி வர வேண்டும். உள்ளே ரப்பர் பட்டை வேண்டும். ஸ்டார்ட்டர், கெப்பாசிட்டர், மின்கசிவைச் சோதிக்கும் மெக்கர், காயில் கம்பி எல்லாம் அதில் அடங்கிவிடும். பி.வி.சி. ஒட்டும் சால்வென்ட் சிமெண்டை மட்டும் அதில் வைக்கக் கூடாது. எளிதில் தீப்பற்றும் அதைச் சித்திரை வெயிலில் மூடிய இரும்புப் பெட்டிக்குள் அடைத்து வைப்பது ஆபத்து.

எலக்ட்ரீஷியனுக்கும் ஏ.சி. மெக்கானிக்குக்கும் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அவர்களுடைய நீளமான பொருள் ஏணி ஒன்றுதான். அது கூரைக் கேரியரில் போய்விடும். மற்றதெல்லாம் சின்னச் சின்னப் பொருள்கள், நனையக் கூடாதவை, திருடுபோகக் கூடியவை. மாருதி ஈகோ கார்கோவில் இரு பக்கமும் நகர்த்தித் திறக்கும் கதவு இருப்பதால், கும்பகோணம் பெரிய கடைத்தெரு போன்ற நெருக்கடியிலும் பக்கத்து வண்டியை இடிக்காமல் பொருளை எடுக்கலாம். இடதுபுறம் முழுக்க அலமாரி, வலதுபுறம் காலி என்று பிரித்துக்கொண்டால் ஏ.சி.யின் வெளி யூனிட்டையும் ஏற்றலாம். ஓட்டுநருக்கும் சரக்குக்கும் நடுவே உறுதியான கம்பித் தடுப்பு இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். பிரேக் அடிக்கும்போது பைப் ரென்ச் ஒன்று முன்னால் பறந்து வந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. என்ஜின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருப்பதால் கோடையில் சூடு ஏறும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சோலார் பம்பு பொருத்துகிறவர்கள் டேப்பை எடுத்து அளந்துவிட்டு முடிவு செய்யட்டும். இன்று பரவலாக வரும் 540 வாட் பேனல் ஒன்றின் நீளம் ஏறத்தாழ 2.28 மீட்டர், ஏஸின் பாடி 2.2 மீட்டர். எட்டு சென்டிமீட்டர் வித்தியாசம்தான், ஆனால் பின்கதவு மூடாது. பிக்கப்பே வழி. லோடு ஆட்டோ நகரத்துக்குள் ஓடும் பிளம்பருக்குப் போதும், கரைப்பாதைக்கு வேண்டாம்.

பாடி கட்டும்போது இரண்டு விஷயங்களை முன்கூட்டியே பேசிவிடுங்கள். முதலாவது ஒப்புதல். பதிவுச் சான்றிதழில் உள்ள அமைப்பை மாற்றுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைக் கேட்க வேண்டும். கேட்காமல் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது சட்டம். பட்டறைக்காரர் “எல்லோரும் இப்படித்தான் கட்டுகிறார்கள்” என்பார். எப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டப்போவது நீங்கள்.

இரண்டாவது, அலமாரிக்கு எந்தப் பொருள் என்பது. இரும்பு ஆங்கிள் மலிவு, எந்த ஊரிலும் வெல்டிங் செய்யலாம். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் ஓடும் வண்டிக்கு அது போதும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் பெயின்ட் உரிந்த இடமெல்லாம் துரு இறங்கும். அங்கே அலுமினியத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் போகாது; எடையும் இரும்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அலுமினியத்தை வெறும் இரும்பு போல்ட்டால் முடுக்கினால், உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் அலுமினியம் அரித்துப்போகும். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும், இடையில் நைலான் வாஷரும் போடச் சொல்லுங்கள். தட்டுக்குப் பிளைவுட் போடுவதென்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் வகையாக இருக்கட்டும். வெட்டிய ஓரங்களுக்கும் திருகு இறங்கிய துளைகளுக்கும் பெயின்ட் அடித்த பிறகே பொருத்த வேண்டும், ஏனென்றால் தண்ணீர் உள்ளே நுழைவது அங்கேதான்.