மணி அடித்த பிறகு 45 நொடி: குதிரைப் போட்டிப் பதற்றத்துக்கு எந்தப் பயிற்சி?

குதிரையில் வரிசையாகத் தடைகளைத் தாண்டும் ஷோ ஜம்பிங் போட்டியில் நடுவர் மணி அடித்ததும் தொடக்கக் கோட்டைத் தாண்ட 45 நொடி தருவார்கள். அதற்குள் தாண்டாவிட்டால் கடிகாரம் தன்னால் ஓடத் தொடங்கிவிடும். பயிற்சியில் தடை தடையாகத் தாண்டிய பிள்ளைகள் பலர் சொதப்புவது இந்த இடத்தில்தான். மதுரையில் கற்றுக்கொண்டு சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்ப் போட்டியிடுகிறவர்களுக்குச் சிக்கல் கூடுதல். வருஷத்தில் இரண்டு மூன்று தடவைதான் அந்த மணிச் சத்தமே அவர்கள் காதில் விழுகிறது.

இதற்கு நாலு வழி சொல்கிறார்கள்: மூச்சுப் பயிற்சி, மனக்காட்சி, நெருக்கடி ஒத்திகை, வீடியோ காலில் வரும் மனத்திறன் பயிற்சியாளர். நாலையும் ஒரே தட்டில் வைக்க எங்களால் முடியாது. மதுரைக்காரர் முதலில் நேரம் செலவழிக்க வேண்டியது ஒத்திகைக்கு; காசு செலவழிக்க வேண்டியது கடைசியாக, பயிற்சியாளருக்கு.

பயந்தவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். உடனே தொடை இறுகும், குதிகால் மேலே ஏறும், உடம்பு முன்னால் சாயும், கடிவாள வாரைப் பிடித்த கை விறைக்கும். இறுகிய கால் குதிரைக்கு ‘போ’ என்கிறது. விறைத்த கை ‘நில்’ என்கிறது. இரண்டையும் ஒருசேரக் கேட்ட குதிரை தலையைத் தூக்கும், எட்டு வைக்கும் தூரத்தைக் குறுக்கும், தடைக்கு முன்னால் தப்பான இடத்தில் வந்து நிற்கும். இப்படித் தாண்டாமல் நிற்பதுதான் ‘மறுப்பு’. முதல் மறுப்புக்கு 4 பெனால்டிப் புள்ளி. சர்வதேச விதிப்படி இரண்டாவது மறுப்பில் ஆட்டம் முடிந்தது. 2009-இல் ஸ்வீடனிலிருந்து வெளியான ஆய்வு ஒன்றில், நடந்துபோகும் வழியில் குடை விரிப்போம் என்று மனிதரிடம் மட்டும் சொல்லி வைத்தார்கள். குடை விரியவே இல்லை. ஆனாலும் மனிதரின் இதயத் துடிப்போடு குதிரையின் துடிப்பும் ஏறியது. அதனால் வாயால் தைரியம் சொல்லும் முறைகளை நாங்கள் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறோம். உடம்பு மாறினால்தான் குதிரைக்குத் தெரியும்.

மூச்சுப் பயிற்சிக்குச் செலவே இல்லை. நாலு நொடி இழுத்து ஆறு நொடி விடுவது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். சேணத்தில் உட்கார்ந்து வாட்ச் பார்க்க முடியாது, குதிரையின் நடையையே எண்ணலாம். சாதாரண நடையில் இடது முன்னங்கால் ஏறக்குறைய நொடிக்கு ஒரு தடவை விழும். நாலு விழுகைக்கு இழு, ஆறு விழுகைக்கு விடு. தினமும் ஐந்து நிமிடம் என்று இரண்டு வாரமாவது பழகியிருக்க வேண்டும். போட்டியன்று காலையில் முதன்முதலாகச் செய்து பார்ப்பது வீண். பெரிய பெரிய மூச்சாக இழுத்தால் விரல் மரத்துப்போய் தலை சுற்றும். ‘ஆழமாக மூச்சு விடு’ என்று வெளியிலிருந்து கத்துகிறவர்கள் செய்யும் கெடுதல் இதுதான். விடுவது நீளமாக இருந்தால் போதும், இழுப்பது ஆழமாக இருக்க வேண்டியதில்லை. பாதுகாப்பு வெஸ்ட்டை இறுக்கக் கட்டியிருந்தால் வயிறு அசையாது, அதையும் பாருங்கள்.

மனக்காட்சி, கண்ணை மூடி முழுச் சுற்றையும் ஓட்டிப் பார்ப்பது. பழகியவர்களுக்கு அருமையான கருவி, புதியவர்களுக்கு அரைகுறை. முதலில் களத்தைக் காலால் அளக்க வேண்டும்: மூன்று அடி நீளத்தில் நீங்கள் வைக்கும் காலடி நாலு சேர்ந்தால் குதிரையின் ஒரு கேன்டர் (மிதமான பாய்ச்சல்) எட்டு, அதாவது 12 அடி. குதிரை தாண்டி இறங்க உங்கள் இரண்டு காலடி, அடுத்ததற்கு எழும்ப இரண்டு காலடி ஒதுக்க வேண்டும். இரண்டு தடைக்கு நடுவே 24 காலடி வந்தால் குதிரைக்கு ஐந்து எட்டு. இந்தக் கணக்கு இல்லாத மனக்காட்சி வெறும் பகல்கனவு. பிறகு ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டு, குதிரையின் இரண்டு காதுக்கு நடுவிலிருந்து பார்ப்பதுபோல் ஓட்டுங்கள். 70 நொடிச் சுற்று மனசுக்குள் 30 நொடியில் முடிந்தால் திருப்பங்களை விழுங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். பதற்றக்காரருக்கு இன்னொரு ஆபத்து, விழுவதே திரும்பத் திரும்பத் தெரியும். அப்போது படத்தை நிறுத்தி, தடைக்கு மூன்று எட்டு முன்னாலிருந்து மறுபடி ஓட்ட வேண்டும். அப்படியும் விழுந்தால் அன்றைக்கு விட்டுவிடலாம்.

நெருக்கடி ஒத்திகைக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுமுன், ஏழரைக்குள் முடிகிற மாதிரி. சவுக்கு மரக் கம்பில் 8 தடை. உயரம் போட்டி உயரத்தைவிட 10 முதல் 20 சென்டிமீட்டர் குறைவு. வெள்ளை பிரீச்சஸ் (சவாரிக் கால்சட்டை), ஜாக்கெட், ஹெல்மெட் எல்லாம் போட்டிக்குப் போவதுபோலவே. ஒருவர் நடுவராக நாற்காலி போட்டு உட்கார்ந்து மணி அடித்து, 45 நொடி எண்ணி, பெனால்டியைப் பேப்பரில் எழுத வேண்டும். வாய்ப்பு ஒன்றே ஒன்று. “இன்னொரு தடவை போறேண்ணே” என்றால் கிடையாது, அதுதான் இதன் உயிர். அதிகப் பெனால்டி வாங்கியவர் அன்றைக்கு எல்லாச் சேணமும் துடைக்க வேண்டும். அந்தச் சின்னத் தண்டனைக்கே கை வியர்க்கும், பாருங்கள்.

சத்தத்துக்கு மதுரையில் பஞ்சமில்லை. அழகர் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்குகிற ஊரில் உறுமியும் மைக்செட்டும் தேடிப் போக வேண்டியதில்லை. போனில் பதிந்து ஸ்பீக்கரில் போடலாம். முதல் வாரம் 50 மீட்டர் தள்ளி, குறைந்த சத்தத்தில், குதிரை நடையில் இருக்கும்போது மட்டும். காதைத் திருப்பிக் கேட்டுவிட்டுத் தலையைத் தாழ்த்தினால் அடுத்த வாரம் கொஞ்சம் கிட்டே. வேட்டு மட்டும் கூடவே கூடாது. இந்த முறை கெட்டுப்போவது ஒரே காரணத்தால்: சத்தத்தையும் தடை உயரத்தையும் ஒரே நாளில் ஏற்றுவது. குதிரை மறுத்துப் பழகிவிட்டால் அதைச் சரிசெய்ய மாதக்கணக்காகும்.

2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய டிரெசாஜ் (குதிரையை நுணுக்கமாக நடத்திக் காட்டும் போட்டி) அணி தங்கம் வாங்கியது. 1982 டெல்லிக்குப் பிறகு குதிரையேற்றத்தில் முதல் தங்கம். அந்த நால்வரும் ஐரோப்பாவில் தங்கிப் பயிற்சி எடுத்தவர்கள். அங்கே போட்டிக்குப் பஞ்சமில்லை. நம்மிடம் இல்லாதது அந்த எண்ணிக்கை. ஒத்திகை அதை ஈடுகட்டும் என்று சொல்ல மாட்டோம், பாதியாவது தரும்.

இடையில் பெற்றோருக்கு ஒன்று. “ஏப்பா, அந்தச் செவப்புக் கட்டைய மட்டும் தட்டிறாத” என்றால் பிள்ளையின் கண் செவப்புக் கட்டைக்குத்தான் போகும். “கண்ணு மேல, குதிகால் கீழ” என்பது போதும், அதுவும் களத்துக்குள் போகுமுன். சுற்று ஓடும்போது வெளியிலிருந்து வழி சொன்னால் நடுவர் போட்டியைவிட்டே வெளியேற்ற விதியில் இடமுண்டு.

மனத்திறன் பயிற்சியாளர் யாருக்கு? மூன்று மாதம் ஒத்திகை செய்தும் ஒரே இடத்தில் உடைகிறவருக்கு. வார்ம்-அப்பிலா, மணி அடித்ததுமா, முதல் கம்பு விழுந்த பிறகா என்று குறித்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்திருக்கும். சவாரி வீடியோவைப் பார்க்கக் கேட்காமல் முதல் அமர்வை முடிக்கிறவரிடம் இரண்டாவது அமர்வுக்குக் காசு கட்டாதீர்கள். உற்சாகப் பேச்சு யூடியூபில் இலவசமாகவே கிடைக்கிறது. மோசமாக விழுந்த பிறகு தூக்கம் கெட்டு, குதிரை வாசனை பட்டாலே நடுக்கம் வருகிறதென்றால் அது பயிற்சியாளர் வேலை இல்லை. மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது.