பழைய அவுட்போர்டு மோட்டார் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கோபம் அடங்கின பிறகு எழுதலாம் என்று பார்த்தேன், அடங்குகிற மாதிரித் தெரியவில்லை. மூன்று மாதச் சம்பளம் போய்விட்டது. பழைய சிறு படகு, அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டுகிற இன்ஜின்) பிரியர்கள் கூடுகிற சந்திப்பில், இம்மாதிரி மோட்டார்களைப் புதுப்பித்து விற்கிற ஒருவரிடம் ஏமாந்தேன். பெயர் சொல்லப் போவதில்லை.

வாங்கியது 1949 ஜான்சன், 10 குதிரைத்திறன். முன்னே, நியூட்ரல், பின்னே என்று கியர் மாற்றும் வசதியும், தனியே கீழே வைக்கிற பெட்ரோல் டேங்கும் அந்த வருடம்தான் இந்த மாடலில் வந்தன. பல வருடமாக ஆசைப்பட்ட மோட்டார் என்பதால் பார்த்ததுமே பாதிப் புத்தி போய்விட்டது. பளபளவென்று புது பெயிண்ட் வேறு.

தண்ணீர்ப் பீப்பாயில் மாட்டி வைத்திருந்தார். "நீங்களே இழுங்க சார்" என்று கயிற்றை என் கையில் கொடுத்தாரே, அங்கேதான் விழுந்தேன். நல்ல இறுக்கம், இரண்டாவது இழுப்பில் கிளம்பிவிட்டது. சுற்றி நின்ற நாலு பேர் கைதட்டினார்கள். குபுகுபுவென்று புகை வந்ததைக் கேட்டதற்கு, பழைய டூ ஸ்ட்ரோக், 24 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் கலக்கிறோம், புகை வராமல் என்ன செய்யும் என்று சிரித்தார். 24-க்கு 1 சரியான கணக்குதான், அதனால் நானும் சிரித்தேன். ஒரே நிமிடத்தில் அணைத்துவிட்டார். மேல்மூடி நான் இழுக்கும் முன்பே வெதுவெதுப்பாக இருந்ததைக் கை கவனித்தது, முன்பே ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார் என்பதை மூளை கவனிக்கவில்லை. எண்ணிக் கொடுத்தேன், மூன்று மாதச் சம்பளம்.

மறுவாரம் தண்ணீரில் இறக்கினேன். இருபது நிமிடம்கூட ஓடவில்லை, திணறி நின்றுவிட்டது. துடுப்பு போட்டுத்தான் கரை சேர்ந்தேன்.

தெரிந்த மெக்கானிக் ஒருவர் பிரித்துப் பார்த்தார். பிஸ்டன் பக்கவாட்டில் நீள நீளமாகக் கீறல், கீறலுக்குள்ளேயே கரி படிந்து கிடக்கிறது, அதாவது நேற்று வந்த கீறல் இல்லை. பிஸ்டனைச் சுற்றி அடைத்துப் பிடிக்கிற ரிங்குகள் பள்ளத்தில் ஒட்டிப்போய்விட்டன. அப்படியானால் அந்த இறுக்கம் எங்கிருந்து வந்தது? ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாகச் சிலிண்டரில் கெட்டி எண்ணெய் ஊற்றினால் கொஞ்ச நேரத்துக்குக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், ஏறிவிடுமாம், எரிந்து தீர்ந்ததும் பழைய கதைதான். புகையும் அதுவாகத்தான் இருக்கும் என்றார். கியர் பெட்டியின் அடித்திருகைத் தளர்த்தியதும் முதலில் தண்ணீர் வந்தது, அப்புறம் தண்ணீர் கலந்து பால் மாதிரி ஆன ஆயில். வெளியே பெயிண்டைச் சுரண்டினால் விரிசல், அதன் மேல் எபாக்சி பசை பூசி மறைத்திருக்கிறார்கள்.

போன் செய்தேன். "எண்ணெய் குறைச்சலா கலந்திருப்பீங்க." இல்லை, நீங்கள் சொன்ன அளவுதான். "அப்ப வாட்டர் பம்ப் பார்க்காம ஓட்டியிருப்பீங்க." இன்ஜினைக் குளிர்விக்கிற அந்தப் பம்ப் புதிதாகப் போட்டேன் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றால், "எழுபது வருஷத்துக்கு மேல ஓடின மோட்டார் சார், கியாரண்டி கேட்டா எப்படி?" அடுத்த நாளிலிருந்து போனே எடுப்பதில்லை. கீறல் படத்தை அனுப்பினேன், பார்த்துவிட்டார், பதில் இல்லை. சந்திப்பு நடத்தினவர்களைக் கேட்டால், நாங்கள் இடம் மட்டும்தான் கொடுத்தோம், வாங்கல் விற்றல் உங்களுக்குள் என்கிறார்கள். பீப்பாய் பக்கத்தில் நின்று கைதட்டினவர்களில் ஒருவர் அவர்கள் ஆள்!

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. மோட்டார் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது கிளப்பச் சொல்லுங்கள். முன்னதாகப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், எண்ணெயில் ஊறியிருந்தால் வேண்டாம். கியர் ஆயில் திருகைக் கண் முன்னே தளர்த்தச் சொல்லுங்கள். பீப்பாயில் ஓடுவதை நம்பாதீர்கள், படகில் மாட்டி அரை மணி நேரம் ஓட்டின பிறகுதான் பணம்.

மெக்கானிக் இப்போதுதான் கூப்பிட்டார், பிஸ்டன் சுழற்றுகிற கிராங்க் தண்டும் போயிருக்கிறதாம். மூன்று மாதச் சம்பளம்!